கேஸ் மாத்திரையும் மறுபத்தியமும்

என் கல்லீரலில் வைரஸ் குடியிருக்கும் செய்தி, ஓசியில் கிடைத்த ஒரு பாக்கெட் பிஸ்கட்டின் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

நான் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். வாசகர்கள் அதிகம் வராத நூலகம். அதனால் நிறையப் படித்தவன் என்று பேர் வாங்கிவிட்டேன். வேறு வேலை இல்லாதவனுக்கு ஊர் கொடுக்கும் பட்டங்களில் இது கௌரவமானது. அந்த நூலகத்து வளாகத்தில் ரத்த தான முகாம் நடத்தினார்கள். நாற்காலி எடுத்துப் போட்டவன் என்ற முறையில் நானும் கையை நீட்டினேன். ரத்தம் எடுத்த பிறகு பிஸ்கட்டும் ஜூஸும் தந்தார்கள். தியாகி போன்ற முகத்துடன் தின்றேன். சில வாரம் கழித்து ஒரு பெண் போனில் அழைத்து, "சார், கொஞ்சம் நேர்ல வர முடியுங்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசுவதில்லை என்பதால் ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஹெபடைட்டிஸ் சி. எப்படி வந்திருக்கும் என்று கேட்டதற்கு, அவர்கள் அனுப்பிவைத்த தருமபுரி டாக்டரம்மா பல வழிகளைச் சொன்னார். எனக்கு நினைவு வந்தது, சின்ன வயதில் சைக்கிளில் வந்து தெரு முழுக்க ஊசி போட்டுவிட்டுப் போனவர்தான். ஒரே ஊசி, ஒரே கிண்ணத்து வெந்நீர். அவரால் எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. கூடவே இது வந்ததோ என்னவோ, இனி யாரைக் கேட்பது?

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மகள் இருந்திருந்தால் என்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். அதைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

"பயப்பட ஒண்ணும் இல்ல சார். கல்லீரல்ல கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கு, அவ்வளவுதான். மூணு மாசம், தினமும் ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. முக்கால்வாசிப் பேருக்கு மேல நல்லாயிடுது" என்றார். பிறகு, "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன் நான்.

"ஒண்ணுமே இல்லைங்க" என்றாள் என் மனைவி, புருஷனுக்கு நற்சான்று கொடுக்கிற தோரணையில்.

அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. எல்லாம் கேட்டுக்கொண்ட என் மனைவி கடைசியில், காசு கொடுத்தவள் மீதி கேட்பது போல, "பத்தியம் என்னங்க?" என்றாள்.

"பத்தியம் எதுவும் இல்லம்மா. குடிக்கக் கூடாது. கீழாநெல்லி, நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவும் இதோட சேர்க்க வேண்டாம். மத்தபடி எல்லாம் சாப்பிடலாம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அந்த நொடியில் என் மனைவிக்கு டாக்டரம்மா மீது இருந்த நம்பிக்கை போய்விட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்: "பத்தியமில்லாத மருந்து என்ன மருந்து? மிட்டாய் குடுத்து அனுப்புன மாதிரி இருக்குது."

"அந்தம்மா அதுக்குன்னே தனியாப் படிச்சவங்க" என்றேன்.

"நீங்களுந்தான் ரூம் ரூமாப் படிச்சிருக்கீங்க. என்ன ஆச்சு?"

பஸ் வந்தது. நான் முதலில் ஏறி அவளுக்கு இடம் பிடித்தேன்.

ஆக, இங்கிலீஷ் மருந்துக்கு நாட்டுப் பத்தியம் என்று முடிவாயிற்று. கீழாநெல்லி வேண்டாம் என்றார்கள், சரி, அதை அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கடுகு தாளிப்பு ஆகாது, கோழி ஆகாது, கருவாடு என்ற பேச்சே ஆகாது. களிக்குத் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பு, சோற்றுக்கு மிளகும் சீரகமும் போட்ட ஏதோ வெந்நீர். அதற்கு ரசம் என்று அவள் பெயர் வைத்திருந்தாள். நான் வாதாடவில்லை. கசாயத்தைக் கசாயம் என்று அழைக்காமலிருப்பது தாம்பத்தியத்தின் அடிப்படை நாகரிகம்.

காலம் பார்த்துத்தான் எனக்கு நோயும் வந்தது. மாசி மாதம். அவள் அண்ணன் வீட்டு மரத்துப் புளி மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. அவளும் தெருப் பெண்கள் நான்கைந்து பேரும் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்தார்கள். வீடெல்லாம் புளி வாசனை. நடக்கும் இடமெல்லாம் காலில் பிசுபிசுப்பு. அதைத் தாண்டி உள்ளே போய் நான் பாசிப்பருப்பைச் சாப்பிட்டேன். "சாருக்கு ஒரு கொட்டையாச்சும் சப்பக் குடுங்கக்கா, பாவம்" என்றாள் ஒருத்தி. "அவரு பாக்கறதே தப்பு" என்றாள் என் மனைவி.

இவை எல்லாம் வாயால் சொன்ன பத்தியங்கள். வாயால் சொல்லாத ஒன்றும் இருந்தது. மாத்திரை ஆரம்பித்த அன்றே அவள் கட்டிலை விட்டு, ஒரு பாயையும் தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

"என்ன இது?" என்றேன்.

"பத்தியம்னா பத்தியந்தான்" என்றாள், தலையணை உறையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

பழைய வைத்தியத்தில் கடும் பத்தியம் என்றால் அதுவும் சேர்ந்தது என்று நானே படித்திருக்கிறேன். ஆனால் படித்ததை வைத்து வயிற்றெரிச்சலைக்கூட ஆற்ற முடியாது. எனக்குள் வேறொரு சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. இது பத்தியம் இல்லை, பயம். என் ரத்தத்தின் மேல் அவளுக்கு அருவருப்பு. டாக்டரம்மா சொன்னதை இரண்டு தடவை நினைவுபடுத்தினேன். "தொட்டா ஒட்டாதுன்னு சொன்னாங்கல்ல?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்தும் பாய் கூடத்திலேயே கிடந்தது.

நான் ஏங்கினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய, தொப்பை விழுந்த, மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஒரு மனிதன், சொந்த மனைவிக்காக, அதுவும் பத்தடி தூரத்தில் படுத்திருப்பவளுக்காக ஏங்குவது இலக்கியத்தில் இடம்பெறத் தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. பழம்பாட்டுகளில் தலைவன் பொருள் தேடிக் காடு கடந்து போவான்; தலைவி வளை நெகிழ நிற்பாள். எங்கள் வீட்டில் நடுவே இருந்தது ஒரு கதவு. அதுவும் சரியாகச் சாத்தாது.

எதற்கு ஏங்கினேன் என்று கேட்டால், நீங்கள் நினைப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பேச்சு. விளக்கை அணைத்த பிறகு அவள் ஊர்ச் செய்தி வாசிப்பாள். யார் வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை, யார் மருமகள் கோபித்துக்கொண்டு வத்தல்மலை ஏறிவிட்டாள், தக்காளியை யார் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். நான் "ம்" கொட்டுவேன். பாதியில் தூங்கிவிடுவேன். அவள் முழங்கையால் இடித்து, "கேக்கறீங்களா?" என்பாள். "கேக்கறேன், மருமகள் போர்ல தண்ணி வரல" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். அந்தச் செய்திகளை நான் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கூடத்திலிருந்து அவள் புரண்டு படுக்கும் சத்தமும் வளையல் தரையில் படும் சத்தமும் மட்டும் வந்தன. ஊரில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆனாலும் காலையில் அவள்தான் மாத்திரை தருவாள். அதில் மட்டும் ஒரு நாள் தப்பவில்லை. வெந்நீர் டம்ளருடன் வந்து நிற்பாள். நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் சீக்கிரம் எழ ஆரம்பித்தேன். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டால் அது அன்றைய வருமானம்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனோம்.

"மாத்திரை ஒழுங்கா போவுதுங்களா?"

"ஒரு நாள் வுட்டதில்லைங்க" என்று என் மனைவி முந்திக்கொண்டாள். தன் நிர்வாகத்தை ஒரு டாக்டர் பாராட்டட்டும் என்று முழுதாக விவரித்தாள்: "எழுந்திருச்ச ஒடனே வெறும் வயித்துல கேஸ் மாத்திரை குடுத்துருவேங்க. அரை மணி நேரம் வுட்டு ரெண்டு இட்லி. அப்புறம் உங்க பெரிய மாத்திரை. வயிறு புண்ணாவக் கூடாதுல்லைங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கேஸ் மாத்திரையா? தினமுமா?"

"தினமுந்தாங்க."

"வேற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டேனே சார்?"

நான் வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரை என்பது மாத்திரையில் சேராது. மெடிக்கலில் தலைவலிக்கு மாத்திரை கேட்டால், "கேஸ் மாத்திரை ஒண்ணு வெச்சிருக்கேங்க" என்று சேர்த்துத்தான் தருவார்கள். பல் வலிக்கும் உண்டு, சுளுக்குக்கும் உண்டு. எந்த மாத்திரையும் சூடு, சூட்டுக்கு முன்னால் வயிற்றில் ஒரு பாய் விரிக்க வேண்டும், அந்தப் பாய்தான் கேஸ் மாத்திரை. நான் அதைப் பல வருடமாகத் தின்கிறேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எப்படி யாரும் உப்பைச் சொல்ல மாட்டார்களோ, அப்படித்தான் நாங்கள் இருவரும் அன்றைக்கு "இல்லைங்க" என்று சொன்னோம். மனமறிந்து பொய் சொல்லவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பொறுமையாகச் சொன்னார்: "இந்த மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு சார். அதுல ஒண்ணு கரையறதுக்கு வயித்துல ஆசிட் வேணும். கேஸ் மாத்திரை அந்த ஆசிட்டைத்தான் குறைக்குது. மருந்து உள்ள போயிருக்கும், ஆனா ரத்தத்துல ஏற வேண்டிய அளவு ஏறியிருக்காது."

"அப்ப?"

"இன்னியோட கேஸ் மாத்திரையை நிறுத்துங்க. இதை விடாம முடிங்க. முடிச்சு மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுப்போம். வைரஸ் இருக்கா, போயிடுச்சான்னு அப்பதான் உறுதியாச் சொல்ல முடியும். நிறையப் பேருக்கு இப்படி நடந்தும் சரியாயிருக்கு. சரியாகலன்னா வேற மருந்து இருக்கு."

நான் தலையாட்டினேன். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி மடியில் வைத்திருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றாள் டாக்டரம்மாவிடம். "அவரு கேக்கல. நாந்தான் கையில குடுத்தேன்."

"தெரியாமத்தானேம்மா."

"பத்தியம் முறிஞ்ச மாதிரிதானுங்களே இது?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இத்தனை நாள் நான் என்ன முட்டாளாக இருந்திருக்கிறேன் என்பதும் சேர்ந்தே புரிந்தது.

அவள் அப்பா காமாலையில் இறந்தவர். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மூன்று வேளையும் நாட்டு மருந்து, கடும் பத்தியம். தேறி வருகிறார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போனவர், கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் இரண்டு அள்ளு சாப்பிட்டுவிட்டார். அந்த வாரமே போய்விட்டார். பத்தியம் முறிந்ததால் போனார் என்று ஊர் சொன்னது. அவள் அதற்குப் பிறகு கருவாட்டைத் தொட்டதில்லை. இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள். நான், படித்தவன் அல்லவா, அது கருவாட்டால் இல்லை, கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் மறந்துபோனேன்.

அவள் பாயை எடுத்துக்கொண்டு போனது என்னை விட்டுப் போவதற்காக இல்லை. என்னைப் போகவிடாமல் வைத்திருக்க.

அன்றைக்குப் பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. முன்பாவது என்னைத் திட்டுவாள். திட்டு நின்றுபோனது. மாத்திரையை அவள் கையால் தருவதும் நின்றது. மாடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள். "குடு" என்று கையை நீட்டினால், "நீங்களே எடுத்துக்குங்க. என் கை வேணாம்" என்பாள்.

"உன் கை என்ன பண்ணுச்சு?"

"பண்ணுனது போதும்."

கேஸ் மாத்திரையை நிறுத்தியதில் எனக்கு நெஞ்சு எரிந்தது. எரிச்சலுக்குக் கட்டில் தலைமாட்டை உயர்த்திக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கட்டிலின் அந்த இரண்டு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்துக் கொடுத்தாள். படுத்தால் சறுக்குமரத்தில் படுத்தது போல. காலையில் நான் கால்மாட்டில் மூட்டையாகக் கிடப்பேன். இதற்காவது சிரிப்பாள் என்று ஒரு நாள் நான் சறுக்கி வந்த விதத்தை நடித்துக் காட்டினேன். "இன்னொரு செங்கல்லு வெக்கட்டுங்களா?" என்று கவலையோடு கேட்டாள். என் நகைச்சுவைக்கு இவ்வளவு மோசமான விமர்சனம் அதற்கு முன் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் பார்த்தேன். அவள் தட்டிலும் பாசிப்பருப்பு. அவள் தட்டிலும் அந்த வெந்நீர்.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

"ரெண்டு கொழம்பு வெக்க முடியலைங்க" என்றாள்.

வாசலில் புளி மூட்டை இருந்தது. இரண்டு குழம்பு வைக்காத நாள் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. என் அம்மா இருந்த காலத்தில் மூன்று வைப்பாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் போய்விடும்.

மாத்திரை முடிந்தது. கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, "முடிஞ்சுதா?" என்று பொதுவாகக் கூடத்தைப் பார்த்துக் கேட்டேன். பாய் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

"மறுபத்தியம் இருக்குதுங்களே" என்றாள்.

மருந்து சாப்பிட்ட அத்தனை நாளுக்கு, மருந்தை நிறுத்திய பிறகும் பத்தியம் காக்க வேண்டும். அதுதான் மறுபத்தியம். மூன்று மாதம். டாக்டரம்மா டெஸ்டுக்குச் சொன்ன அதே மூன்று மாதம். "பாத்தீங்களா, அந்தம்மாவே மறுபத்தியம் சொல்லித்தான் அனுப்பியிருக்குது. வாயால சொல்லல, அவ்ளோதான்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு சின்ன வெற்றி கேட்டது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சித்தர்களும் விஞ்ஞானிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்றால் நடுவில் நூலகர் யார்?

அந்த மூன்று மாதத்தில் மாம்பழம் வந்து போனது. மாம்பழம் சூடு. லாரி லாரியாக எங்கள் சாலையில் போன பழங்களை நான் நூலகத்து ஜன்னலிலிருந்து வாசனையால் மட்டும் சாப்பிட்டேன். அவளும் சாப்பிடவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கூடை வந்ததைத் தெருவுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆடிக் கடைசியில் ரத்தம் கொடுத்தோம். சில நாள் கழித்து முடிவு வாங்கப் போனோம். காத்திருக்கும் பெஞ்சில் அவள் என் பக்கத்தில் இடம் இருந்தும் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முடிவு வரும்வரை என் மேல் அவள் நிழல்கூடப் படக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. அந்த அரை மணி நேரம் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளைத்திருந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று இருந்தது. வைரஸ் என்னிடம் இருந்தது, இளைத்தது அவள்.

உள்ளே போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வைரஸ் இல்ல சார். போயிடுச்சு."

"இல்லைங்களா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா."

"கொஞ்சமாச்சும்?"

"கொஞ்சம்கூட இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் கேஸ் மாத்திரை குடுத்தவங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து தாளை அவளிடமே காட்டி, விரல் வைத்துக் காண்பித்தார். இங்கிலீஷ் எழுத்து. அவள் அதையே பார்த்தாள். தழும்புக்காக வருடம் ஒருமுறை வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும், குடி கூடவே கூடாது என்றெல்லாம் டாக்டரம்மா சொன்னதை நான்தான் கேட்டுக்கொண்டேன். அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வெளியே வந்ததும், "தண்ணி தாகமா இருக்குதுங்க" என்றாள். ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். முழுதும் குடித்தாள்.

சேலம் பஸ்ஸில் ஏறினோம். இருவர் சீட் கிடைத்தது. எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் பல விதமாக எழுதிப் பார்த்தேன். நகைச்சுவையாக ஒன்று, சாதாரணமாக ஒன்று. தருமபுரி எல்லையைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வேண்டுமென்று சாயவில்லை, தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு மாதத் தூக்கத்தை ஒரே இடத்தில் வைத்துத் தூங்குகிற மாதிரி கனமாகத் தூங்கினாள்.

நல்லம்பள்ளி வந்தது.

"நல்லம்பள்ளியெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் விசில் அடித்தார். நான் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "ஏங்க, நீங்க நல்லம்பள்ளிதானே?"

"தூங்கறாங்க" என்றேன் மெதுவாக.

"எழுப்புங்க சார், வண்டி நிக்குதுல்ல?"

"அடுத்தாப்ல தொப்பூருக்கு ரெண்டு குடுங்க."

"தொப்பூருக்கா? அங்க யாருங்க?"

"யாருமில்ல."

அவர் என்னையும், என் தோளில் கிடந்த தலையையும் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனை ஜன்னலில் வந்து போயிற்று. எனக்குத் தோள் மரத்துவிட்டது. அவள் எழுந்தால் என்ன சொல்வாள், வீட்டுக்குப் போனதும் கூடத்துப் பாயைச் சுருட்டுவாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. பஸ் மெதுவாகப் போனால் தேவலை என்று மட்டும் இருந்தது.